கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பிடி காணி

பதுளையில் ஒரு மண்டபம். மேடையில் நான். கழுத்தில் சந்தன மாலை, மடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு பிடி மண்.

வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தினார்கள். பிரதம பேச்சாளருக்கு மட்டும் மண். நான்தான் பிரதம பேச்சாளர். கருத்தரங்கின் தலைப்பு என் தலைக்கு மேலே பதாகையில் தொங்கியது: "மலையகத் தமிழர் கையிலிருந்து காணி நழுவியது ஏன்?"

"நழுவியது" என்ற சொல்லைச் சிவப்பில் எழுதியிருந்தார்கள். காணி ஏதோ சவர்க்காரக் கட்டி, குளிக்கும்போது கைதவறிவிட்டது என்பதுபோல.

பெட்டியை என் கையில் தந்தவர் வேலாயுதம் முதலாளி. மண்டப வாடகை, மாலை, மதியச் சாப்பாடு எல்லாம் அவர் செலவு. மரக்கறி லொறியில் தொடங்கியவர். இன்று ஹல்துமுல்லைக்குக் கீழே, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் விடுதி ஒன்று வைத்திருக்கிறார். விடுதிக்கு 'மண்வாசம்' என்று பெயர்.

சபைக்கு, "இது நம்ம மண்ணு!" என்று ஒலிவாங்கியில் முழங்கினார். கைதட்டல். பிறகு படம் எடுப்பதற்காக என் பக்கம் சாய்ந்தபோது காதோடு சொன்னார்: "சும்மா மண்ணு இல்ல சேர். உங்க அப்பா காணி மண்ணு. நானே கையால அள்ளினேன்."

அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசி வரிசையில், தண்ணீர்ப் போத்தல்கள் அடுக்கியிருந்த மேசைக்குப் பக்கத்தில், மடக்கிய குடையை மடியில் வைத்துக்கொண்டு காலமான என் அண்ணனின் மனைவி பவளம் மதினி உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை.

காரணங்களின் ஊர்வலம்

முதலில் ஒரு வரலாற்று விரிவுரையாளர் பேசினார். குடியுரிமை இல்லாதவன் காணி வாங்க முடியாதிருந்த காலத்தைச் சொன்னார். வாங்கியவனும் பிறர் பெயரில் எழுதி வைத்து, பிறகு அந்தப் பெயருக்குரியவரிடமே இழந்த கதைகளைச் சொன்னார். எல்லாம் உண்மை.

அடுத்து ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். நம்மவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது, திருவிழாவுக்கும் சடங்குக்கும் கொட்டிவிடுகிறார்கள் என்றார். இவர் மகளின் சடங்குக்குப் பண்டாரவளையில் ஒரு வாரம் பந்தல் பிரிக்கப்படவில்லை. நானும் போய்ச் சாப்பிட்டவன்.

ஓர் இளைஞன் எழுந்து, "ஐயா, உங்க வங்கி எத்தனை தோட்டத்து லயத்துக்காரனுக்குக் கடன் குடுத்திச்சு?" என்று கேட்டான்.

"பிணை இருந்தா குடுத்திருப்போம்."

"காணி இருந்தாத்தானே பிணை இருக்கும்?"

"காணி வாங்கத்தானே கடன் கேக்குறீங்க?"

"அதத்தான் ஐயா நானும் சொல்றேன்!"

இருவரும் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது பிரியாணி வந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஒருமித்த கருத்து ஏற்பட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு என் முறை. முக்கால் மணி நேரம் பேசினேன். சட்டம், கலவரம், இந்தியாவுக்குக் கப்பலேற்றம், தோட்ட நிர்வாகம், விலைவாசி. கையிலெடுத்த எந்தக் காரணமும் பொய்யில்லை. கல்வித் திணைக்களத்தில் முப்பது வருடம் அறிக்கை எழுதியவன் நான். உண்மைகளை மட்டுமே அடுக்கி ஒன்றை மறைப்பது எப்படி என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காசிம் நானா வந்த பஸ்

எங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். அந்தப் பயத்தில்தான் ஹல்துமுல்லைக்குக் கீழே சரிவில் காணி வாங்கினார். இரத்தம் குடிக்கும் அட்டையும் கல்லும் நிறைந்த சரிவு. ஆனால் கீழே தார் ரோட்டு, ரோட்டுக்கு மேலே ஊற்று.

அப்பாவுக்குப் பிரஜாவுரிமை இல்லை. ஆகவே பண்டாரவளையில் புடவைக்கடை வைத்திருந்த சிநேகிதர் காசிம் நானாவின் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதினார். தோட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். "கணக்கப்பிள்ளை ஐயா காச குடுத்துத் துலுக்கனுக்குக் காணி வாங்குறாரு!"

அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்த வருடம். நோன்புக் காலம். காசிம் நானா பஸ் ஏறி வந்தார். மழையில் நனைந்த தொப்பியைக் கழற்றிப் பிழிந்துகொண்டே, "வாங்க, பேர் மாத்த அரசாங்கக் கச்சேரிக்குப் போவோம். உங்கட பாரத்தைச் சுமந்து எனக்குத் தோள் நோவுது" என்றார். எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல், நோன்போடு அலைந்து, அப்பாவின் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

விரிவுரையாளர் சொன்ன முதல் காரணம் எங்கள் காணியில் இப்படித் தோற்றுப்போனது.

என் பட்டியலின் இரண்டாவது காரணமும் வந்து பார்த்தது. கலவரக் காலத்தில் கீழ் ரோட்டில் கடைகள் எரிந்தன. பக்கத்துக் காணிக்காரர், சிங்களவரான சிரிசேன ரோட்டிலேயே கத்தியோடு நின்று, மேலே ஒருவரும் இல்லை என்று சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். மேலே நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

சட்டத்துக்கும் நெருப்புக்கும் தப்பிய காணி அது. பிறகு அதற்கு நான் வாய்த்தேன்.

வெள்ளைக் காற்சட்டை

அண்ணன் தோட்டத்தில் பேர் வெட்டிக்கொண்டு காணிக்குக் குடிபோனார். தோட்டத்துப் பேர்ப்பதிவான செக்ரோலில் பேர் இருந்தால்தான் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் அறை. பேரை வெட்டினால் அறை போகும், கோயில் திருவிழாவில் பங்கு போகும், செத்தால் குழி வெட்ட ஆள் வருவார்களா என்பதும் சந்தேகம். அதனால் வெளியே காணி வாங்கியவர்கள்கூட லயத்தைவிட்டு நகராமல், காணியை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போய்ப் பார்த்து வந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் வேலி கொஞ்சம் உள்ளே வந்திருக்கும்.

அண்ணன் துணிந்தார். மேல் பகுதியில் வீடு கட்டினார். உருளைக்கிழங்கும் போஞ்சிக் கொடியும் போட்டார். அதில்தான் நான் படித்தேன்.

கீழ் ரோட்டிலிருந்து மேல் வீட்டுக்கு ஓர் ஒற்றையடிப் பாதை. அண்ணன் தன் கையால் வெட்டியது. ஊற்று நீர் குறுக்கிடும் இடத்தில் ஒரு தட்டைக்கல் போட்டிருந்தார். பாடசாலைக் காலத்தில் அட்டை ஏறாமலிருக்க என் கால்களில் சிவப்புச் சவர்க்காரத்தைத் தேய்த்து அனுப்புவார். இன்றும் அந்தச் சவர்க்கார வாசனை வந்தால் எனக்குக் கணுக்காலில்தான் முதலில் தெரியும்.

ஓர் ஆள் போகும் அகலம்தான் பாதை. எதிரே ஒருவர் வந்தால் யாராவது ஒதுங்க வேண்டும். நான் ஆசிரியரான பிறகு வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு விடுமுறைக்கு வருவேன். அண்ணன் முதுகில் கிழங்கு மூட்டையோடு இறங்கி வருவார். என்னைக் கண்டதும் மூட்டையோடு ஈரப் புல்லுக்குள் இறங்கி நிற்பார்.

"நீங்க போங்க தம்பி. காற்சட்டை அழுக்காயிரும்."

நான் போவேன். நான் ஒதுங்கிய ஒரு நாளையாவது ஞாபகத்தில் தேடிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

மரியாதை என்ற நோய்

அப்பா கண்ணை மூடும்போது, அண்ணன் தம்பிக்குள் காணியில் கோடு போடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் போடவில்லை. ஆளுக்குப் பாதி. எது யார் பாதி என்பது கடவுளுக்கும் தெரியாது.

பதுளையில் வீடு வாங்க எனக்கு ஆசை வந்தது. மனைவி நச்சரித்தாள் என்று எழுதலாம்தான். இதை வெளியிடும் வார இதழை அவள் வாசிப்பவள். அவள் கேட்கவும் இல்லை.

என் பாதியை விற்கத் தீர்மானித்தேன். அண்ணனிடமே விற்றிருக்கலாம். ஆனால் அப்பாவின் காணிக்குக் கூடப்பிறந்தவனிடம் விலை பேசுவது எங்கள் பக்கத்தில் அசிங்கம். "என் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அண்ணன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அவர் மனம் நோகாதா? ஆகவே அண்ணனுக்குரிய மரியாதையைக் காப்பாற்றுவதற்காக, அண்ணனுக்குத் தெரியாமல், லொறிக்காரர் வேலாயுதத்துக்கு விற்றேன்.

இந்த வாக்கியத்தைத் திரும்ப வாசித்துப் பார்க்கிறேன். எழுதியது கல்வித் திணைக்களத்தில் பதவி வகித்தவன்.

வேலாயுதம் ரோட்டோரக் கீழ்ப்பகுதியைத்தான் கண்வைத்திருந்தார். ஒரு நாள் என்னோடு வந்து சுற்றிப் பார்த்தார். பாதையைக் கண்டதும் நின்றார்.

"சேர், இது என்ன? பாதை ஒன்னு மேல போவுதே?"

மேல் வீட்டுக்கு வழி விட வேண்டிய பாதை என்றால் விலை குறையும். அதைவிட, பேச்சு முறியும்.

"பாதை இல்லை. வெறும் மாட்டுத் தடம்" என்றேன்.

அவர் பிறகு நீதிமன்றத்தில் பிரிவினை வழக்குப் போட்டார். அங்கேயும் என்னைக் கேட்டார்கள். சத்தியம் செய்து அதையே சொன்னேன். ஒருமுறை சொன்னதை மாற்றினால் உத்தியோகத்துக்கு என்ன ஆகுமோ என்ற பயம். ரோட்டும் ஊற்றும் வேலாயுதத்துக்குப் போயின. வீடும் கல்லும் அண்ணனுக்கு. நடுவில் வேலி.

அன்றிலிருந்து அண்ணன் கிழங்கு மூட்டையை மேலே தோட்டத்து ரோட்டு வழியாகச் சுற்றிக் கொண்டுபோனார். சுமைகூலி விளைச்சலைத் தின்றது. துண்டு துண்டாக விற்றார். அதை வாங்கியவரும் வேலாயுதம்தான். அண்ணன் மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். கடைசியில் மிஞ்சியது வீடும், மதினியின் போஞ்சிப் பாத்திகளும்.

ஒரு விஷயத்தை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும். வேலாயுதமும் மலையகத் தமிழர்தான். எந்தக் கணக்கெடுப்பிலும் எங்கள் காணி சமூகத்தின் கையை விட்டுப் போகவே இல்லை.

ஆளைச் சொல்லல

மண்டப வாசலில் மதினி காத்திருந்தார்.

"நல்லாப் பேசுனீங்க தம்பி."

"சாப்பிட்டீங்களா மதினி?"

"சாப்டேன். கோழி நல்லா வெந்திருந்திச்சு. காரணம் எல்லாம் சொன்னீங்க. ஆளத்தான் சொல்லல."

நான் கண்ணாடிப் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. கொழுந்து களவு போகிறதென்று தோட்டத்தில் மேல் ரோட்டுக்குக் கேற்றுப் போட்டுப் பூட்டிவிட்டார்களாம். கீழே முதலாளியின் மதில். மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது. தோட்டத்து வேலிக்கடியில் பூந்து வந்தேன் என்று, முள்ளில் கிழிந்த சேலைத் தலைப்பைக் காட்டினார்.

"முதலாளி விலை கேட்டு ஆள் அனுப்புறாரு. 'போக வழியில்லாத வீட்ட வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போற?'ங்கிறாரு. நான் மத்தியஸ்த சபையில சொல்லிருக்கேன். சனிக்கிழம கூப்பிட்டுருக்காங்க. பாதை இருந்திச்சுன்னு சொல்ல உங்களத் தவிர இப்ப உசிரோட ஒருத்தரும் இல்ல."

"மதினி, நான் அன்றைக்குக் கோர்ட்டில்..."

"தெரியும். மாட்டுத் தடம்னு சொன்னீங்க."

"அண்ணன் ஏன் மறுத்துச் சொல்லவில்லை?"

இத்தனை வருடமாக நான் கேட்காமலிருந்த கேள்வி. அந்த வழக்கில் என் சாட்சியம் முடிந்ததும் பஸ் பிடிக்க ஓடிவிட்டேன்.

"கேட்டாங்க தம்பி. உங்களுக்குப் பொறகு அவரத்தான் கூப்பிட்டுக் கேட்டாங்க. 'எந் தம்பி படிச்சவரு. அவரு மாட்டுத் தடம்னா மாட்டுத் தடந்தாங்க'ன்னுட்டு எறங்கிட்டாரு. வீட்டுக்கு வந்து நான் கத்துறேன். 'சும்மா இரு புள்ள. நாலு பேருக்கு முன்னால தம்பியப் பொய்க்காரனாக்கச் சொல்றியா? உத்தியோகம் போயிரும்'னாரு."

அவருக்கும் அதே நோய்தான் இருந்திருக்கிறது. எனக்கு அது வீடு வாங்கித் தந்தது.

சனிக்கிழமை

மத்தியஸ்த சபை ஒரு பாடசாலை வகுப்பறையில் கூடியது. நான் சின்னப்பிள்ளைகளின் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் மேசைக்கடியில் போகவில்லை.

முதலாளி என்னைக் கண்டதும் மகிழ்ந்து எழுந்தார். தனக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நியாயமான நினைப்பு. இதுவரை அதைத்தானே செய்திருக்கிறேன்.

"நல்லதாப் போச்சு! சேரே வந்துட்டாரு. சேரக் கேளுங்க. அந்தக் காலத்திலேயே கோர்ட்டுல சொன்னவரு."

சபையின் தலைவர் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர். தமிழை நிதானமாக, எழுத்துக்கூட்டுவதுபோலப் பேசினார்.

"சேர், நானும் வாத்தியார், நீங்களும் வாத்தியார். நேரா சொல்லுங்க. அது பாதையா, மாட்டுத் தடமா?"

மதினி என்னைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த எழுத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதை" என்றேன்.

"அப்ப கோர்ட்டில ஏன் மாட்டுத் தடம்னு சொன்னது?"

"பொய் சொன்னேன். விற்க வேண்டியிருந்தது."

"மாடு?"

"எங்களிடம் மாடே இருந்ததில்லை."

தலைவருக்குப் பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கப் பார்த்து, அது இருமலாகிவிட்டது. முதலாளி என்னை நம்பாமல் பார்த்தார். கோபத்தைவிட அந்தப் பார்வையில் மனவருத்தம்தான் அதிகம்.

"சேர்! போன வாரந்தானே மண்ணு குடுத்தேன்!"

"எவ்வளவு அகலம் இருந்தது?" என்று கேட்டார் தலைவர்.

எனக்கு அடிக்கணக்கு வரவில்லை. மதினிதான் வாய் திறந்தார். "எதிர எதிர ரெண்டு பேர் வந்தா ஒருத்தர் ஒதுங்கணுங்க. அவ்வளவுதான்."

முதலாளி விரைவாகச் சிந்திக்கத் தெரிந்தவர். அதனால்தான் அவர் முதலாளி. சற்று நேரம் கைத்தொலைபேசியைத் தடவிவிட்டு, "சரி, வழி விடுறேன். வெளிநாட்டுக்காரங்களுக்கும் இப்பிடிப் பாதையில நடக்கப் புடிக்கும்" என்றார். கையெழுத்தும் போட்டார். மதிலில் ஒரு வாசல் வைத்து, பக்கத்தில் ஒரு பலகையும் நட்டிருக்கிறார்: 'பாரம்பரியக் கிராமியப் பாதை.' மாட்டுத் தடத்துக்கு இப்படியொரு பதவி உயர்வு கிடைக்கும் என்று அண்ணன் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கருத்தரங்கின் அறிக்கை அச்சுக்குப் போவதற்கு முன் பதிப்பாசிரியரான இளைஞனைக் கூப்பிட்டு, காரணங்களில் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றேன். முழுவதையும் சொன்னேன்.

"சேர், இது தனிப்பட்ட குடும்ப விஷயம். ஆய்வுக்குள்ள வராது."

தம்பி, இதை இங்கே எழுதுகிறேன்: வெளியிலிருந்து வந்த காரணங்களெல்லாம் உண்மை. அவற்றில் ஒன்றையும் நான் திரும்பப் பெறவில்லை. எங்கள் ஆட்களைக் காணியில்லாதவர்களாக்கிய சட்டங்களை எழுதியவன் நானல்ல. ஆனால் அவற்றுக்குத் தப்பி நின்ற ஒரு காணியின் கதவைத் திறந்துவிட்டவனுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அறிக்கையில் அது பிரதம பேச்சாளரின் பெயராக முன்னுரையில் இருக்கிறது. நன்றியுடன்.

ஒதுங்கும் அகலம்

பாதை திறந்த பிறகு ஒரு காலை, மழை விட்டதும் போனேன். கையில் கண்ணாடிப் பெட்டி. வீட்டில் அதை வைக்க இடமில்லை. எங்கு வைத்தாலும் என் நாற்காலியைப் பார்த்தபடியே இருந்தது.

பலகையைத் தாண்டி ஏறினேன். விடுதியின் புல்வெளியில் இரண்டு வெள்ளைக்காரர்கள் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கை காட்டினார்கள். என்னையும் காட்சியில் சேர்த்துக்கொண்டார்கள் போலும். தட்டைக்கல்லைக் காணவில்லை. அந்த இடத்தில் ஊற்று நீர் குழாய்க்குள் போய்விட்டது.

மேல் வளைவில் மதினி இறங்கி வந்தார். தலையில் போஞ்சி மூட்டை. என்னைக் கண்டதும் ஒரு கால் தானாகப் புல் பக்கம் போனது. ஒதுங்கப் போகிறார்.

நான் முந்திக்கொண்டேன். ஈரப் புல்லுக்குள் முழங்கால்வரை இறங்கி நின்றேன்.

மதினி நின்றார். என் காற்சட்டையைப் பார்த்தார்.

"அட்ட கடிக்கும் தம்பி."

"கடிக்கட்டும். நீங்க போங்க."

அவர் நகரவில்லை. கையைப் பார்த்தார். "அது என்ன பொட்டி?"

"மண்."

"மண்ணா? மலைக்கு மண்ண யாராச்சும் சொமந்துட்டு வருவாங்களா?" மூட்டை தலையில் குலுங்கச் சிரித்தார். "பாத்தியில கொட்டிருங்க. பொட்டிய வாசல்ல வைங்க. வெதப் போஞ்சி போட்டு வச்சா எலி தொடாது."

என்னைக் கடந்து கீழே போனார். கீழே ரோட்டில் லொறியின் ஹோர்ன் கேட்டது. "வாறேன், வாறேன்!" என்று குரல் கொடுத்துக்கொண்டே போனார்.

மேலே ஏறிப் போஞ்சிப் பாத்தி ஓரத்தில் பெட்டியைக் கவிழ்த்தேன். கணுக்காலில் அட்டை ஊர்வது தெரிந்தது. சவர்க்காரம் தேய்த்துவிட ஆள் இல்லை. குனிந்து அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு நிமிர்ந்தேன். கொட்டிய மண்ணை ஒருமுறை பார்க்கலாம் என்று திரும்பினேன்.

எது நான் கொண்டுவந்தது, எது அங்கேயே கிடந்தது என்று தெரியவில்லை.